தஞ்சாவூர்ப் படத்தில் கை தவறினால்

தஞ்சாவூர்ப் படம் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சீக்கிரமே ஒரு கேள்வி கேட்பார்கள். "முதல்ல வண்ணத்தை முடிச்சிட்டு, கடைசியா தங்கம் ஒட்டினா தங்கம் அழுக்காகாம இருக்குமே? ஏன் தலைகீழா செய்யறோம்?" கேள்வி நியாயமானது. தங்க ரேக்கை (கடையில் கோல்டு ஃபாயில் என்று கேட்க வேண்டும்) எவ்வளவு கவனமாக வெட்டினாலும் ஓரம் சுத்தமாக வராது. மக்கு (சாக் பவுடரையும் பசையையும் குழைத்து, நகையும் தூணும் மேடாகத் தெரிய வைக்கிற விழுது) எழுப்பிய மேட்டில் ஏறி இறங்குகிற இடத்தில் கிழியும். ஓரிடத்தில் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும், இன்னோர் இடத்தில் அரை மில்லிமீட்டர் குறையும். பிறகு வருகிற வண்ணம் அந்த ஓரத்தை மூடிவிடும். வண்ணத்தின் ஓரம் பிசகியிருந்தால் அதற்கும் பிறகு வருகிற கோடு அதை மூடும். வரிசையை மாற்றிப் பாருங்கள்: தீட்டி முடித்த முகத்துக்குப் பக்கத்தில் கோந்தோடு ரேக்கை வைத்து அழுத்துகிறபோது வழிகிற கோந்தை மூட எதுவும் மிச்சம் இருக்காது.

ஆக, இந்த வேலையின் வரிசையே கை தவறும் என்று தெரிந்து அமைத்த வரிசை. பலகை, துணி, சுண்ணப் பூச்சு, வரைவு, கல், மக்கு, ரேக்கு, வண்ணம், கோடு, கடைசியில் கண். ஒவ்வொன்றும் தனக்கு முந்தையதன் குறையை ஓரளவு வாங்கிக்கொள்ளும். "கலையில் பிழையை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பிழை, எந்த நிலையில், அடுத்து வருகிற எது அதை ஏற்கும் என்று சொன்னால்தான் தூரிகையைக் கையில் வைத்திருப்பவருக்கு உதவும். ஏற்க ஆளில்லாத பிழைகளும் உண்டு. அவற்றைப் பூசி மெழுகினால் இரண்டு மழைக்காலத்துக்குள் வெளியே வந்து நிற்கும்.

அப்படி ஏற்க முடியாதவற்றில் முதல் இடம் அடித்தளத்துக்கு.

மராட்டியர் காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி ஆண்ட 1798–1832 காலத்தில், இந்தப் படங்கள் பலா மரப் பலகையிலும் தேக்கிலும் போடப்பட்டன. பலகைப் படம் என்ற பெயர் அதனால் வந்ததுதான். மரம் மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும், இழையோட்டத்தில் வெடிக்கும். பலகைக்கும் சுண்ணப் பூச்சுக்கும் நடுவில் துணி ஒட்டுவது அதற்காகத்தான்: மரத்தில் மயிரிழை வெடிப்பு வந்தாலும் துணி அதை மேலே விடாமல் தாங்கும். இன்று வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் வந்துவிட்டது, இழையோட்ட வெடிப்புப் பயம் குறைந்துவிட்டது. ஆனாலும் துணியை விட்டுவிடாதீர்கள். பூச்சு பிடித்து நிற்கத் துணியின் நெசவு வேண்டும்.

15 × 12 அங்குலப் படத்துக்கு 8 மில்லிமீட்டர் ப்ளைவுட் போதும். அதைவிடப் பெரிதென்றால் 12 மில்லிமீட்டர். காடாத் துணியைத் தண்ணீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுக் காயவைத்து, ஃபெவிகாலில் கால் பங்கு தண்ணீர் கலந்து ஒட்ட வேண்டும். பழைய முறையில் புளியங்கொட்டைப் பசை. பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்பார்கள். துணிக்கு அடியில் காற்றுக் குமிழ் ஒன்று மாட்டிக்கொண்டால் அந்த இடத்தைத் தட்டிப் பாருங்கள். பக்கத்து இடத்தைவிடப் பொள்ளலாகச் சத்தம் கேட்கும். அதைக் "கண்ணுக்குத் தெரியவில்லையே" என்று விடக் கூடாது. பிளேடால் கீறி, பசையை உள்ளே செலுத்தி அழுத்துங்கள். குமிழ் கைவிரல் அகலத்துக்கு மேல் இருந்தால் துணியையே உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது மேல். ஒரு துண்டுக் காடாத் துணிக்கு என்ன விலை ஆகிவிடப்போகிறது?

பலகை வளைவது இன்னொரு தொல்லை. ஒரு பக்கம் மட்டும் ஈரப் பசை பூசினால், காயும்போது பசை சுருங்கி, பலகை அந்தப் பக்கமாகக் குழியும். எடை வைத்து நிமிர்த்தினால் எடையை எடுத்ததும் பழையபடி வளையும். பின்பக்கத்திலும் தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு கை பூசிவிடுங்கள், இழுப்பு இரண்டு பக்கமும் சமமாகிவிடும். இதை முதலிலேயே செய்ய வேண்டும். மக்கு ஏறிய பிறகு வளைந்த பலகையை நிமிர்த்தப் போனால் மக்கு வெடிக்கும்.

துணிமேல் பூச்சு: சாக் பவுடர் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, தோசை மாவுப் பதம் வரும்வரை தண்ணீர். ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் மெல்லிசாக மூன்று அல்லது நான்கு கை. ஒரு கை நீளவாக்கில், அடுத்தது குறுக்குவாக்கில். நன்றாகக் காய்ந்த பிறகு உப்புத்தாள் 120-ல் தொடங்கி 220, 320 என்று தேய்க்க வேண்டும். உப்புத்தாளில் மாவு தூளாக விழுந்தால் கலவை சரி. பிசுபிசுவென்று உருண்டை உருண்டையாக வந்து தாளை அடைத்தால் ஃபெவிகால் அதிகம், அல்லது இன்னும் காயவில்லை. விரல் வைத்தாலே வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தால் பசை போதவில்லை. இந்தக் கடைசி நிலைமைக்கு ஒப்பேற்று வேலை கிடையாது. அந்தப் பூச்சின்மேல் நிற்கும் மக்கு, ரேக்கு, கல் எல்லாம் அதோடு சேர்ந்து ஒருநாள் பெயர்ந்துவிடும். ஈரத் துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி பூசுங்கள். ஒன்றிரண்டு கீறலோ சின்னப் பள்ளமோ இருந்தால் கவலையே வேண்டாம், அங்கே என்ன வரப்போகிறது என்று பாருங்கள். மக்கு வரப்போகிற இடம் என்றால் மக்கு நிரப்பிக்கொள்ளும். முகமும் வெற்றுப் பின்னணியும் வரும் இடங்களைத்தான் கண்ணாடி மாதிரி தேய்க்க வேண்டும். படம் முழுவதையும் ஒரே சீராகத் தேய்த்துத் தோள் வலிக்க உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

வரைவில் நடக்கும் பிழைகளில் பெரும்பாலானவை பென்சிலோடு போய்விடும். கார்பன் தாளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் மெழுகு வண்ணத்தைப் பிடிக்க விடாது, மை வெளிர் நிறத்தின் வழியே கசியும். டிரேசிங் தாளின் பின்பக்கம் 4பி பென்சிலைத் தேய்த்து, மேலிருந்து கோட்டை ஓட்டுவது போதும். ஆனால் இந்த டிரேசிங் தாளில்தான் மன்னிக்க முடியாத பிழை ஒன்று ஒளிந்திருக்கிறது. தாள் இரண்டு பக்கமும் தெரிவதால் புரட்டி வைத்துவிடுவது சகஜம். கஜலட்சுமியாக இருந்தால் இரண்டு பக்கமும் யானை, யாருக்கும் தெரியாமல் போகலாம். பெருமாள் என்றால் வலக்கைச் சக்கரம் இடக்கைக்கும், இடக்கைச் சங்கு வலக்கைக்கும் போய்விடும். நடராசருக்குத் தூக்கிய கால் மாறிவிடும். இடம்புரிப் பிள்ளையார் வலம்புரியாகிவிடுவார். வலம்புரிக்குத் தனி நியமம் உண்டு என்று நினைத்து வீட்டில் மாட்டத் தயங்குபவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். இதைத் திருத்த வண்ணமோ கோடோ வராது. மக்கு எடுக்கும் முன் ஒருமுறை, படத்திலிருப்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் என்பதை நினைவில் வைத்து, கையில் இருப்பவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். டிரேசிங் தாளின் மேல்மூலையில் 'அ' என்று எழுதி வைப்பது அதைவிடச் சுலபம். எழுத்து நேராகத் தெரிந்தால் தாள் நேராக இருக்கிறது.

பிழைபோலத் தெரிந்து பிழையாக இல்லாதவையும் இருக்கின்றன. நடராசர் வலக்காதில் குழையும் இடக்காதில் தோடும் அணிந்திருப்பார். சீர்காழியில் குளக்கரைப் பிள்ளை ஞானசம்பந்தருக்கு முதலில் கண்ணில் பட்டதே அந்தத் தோடுதான் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் படம் போடும்போது இரண்டு காதையும் "சரிசெய்து" ஒன்றுபோல ஆக்கிவிடுகிறார்கள். மன்னார்குடி ராஜகோபாலனுக்கும் ஒரு காதில் குண்டலம், மறு காதில் பெண்கள் அணியும் தோடு. கோபியரோடு நீராடிவிட்டு அவசரத்தில் கரையேறி, கைக்குக் கிடைத்ததைப் போட்டுக்கொண்டார் என்று கதை. கடவுள் கைதவறி மாட்டியதைக் கோயிலே காலம்காலமாக அப்படியே வைத்திருக்கிறது, நாம் திருத்த வேண்டியதில்லை. மூலப்படத்தில் இரண்டு பக்கமும் வேறுபடுகிற எதையும், ஏன் என்று தெரியாமல் சமப்படுத்தக் கூடாது.

இனி மக்கு. தவறு செய்ய இதைவிட நல்ல இடம் இந்த வேலையில் வேறு இல்லை. பொருள் மலிவு, ஈரமாக இருக்கும்வரை துடைக்கலாம், பாதி காய்ந்தால் கீறி எடுக்கலாம், முழுக்கக் காய்ந்தால் பிளேடால் செதுக்கலாம். புதிதாக வருகிறவர்களை நான் நேரே படத்தில் மக்கு எடுக்கச் சொல்வதில்லை. பூச்சுப் போட்ட பலகைத் துண்டில் முத்துவரிசை, கயிறு, இலை மூன்றையும் கை பழகும்வரை போட்டுச் சுரண்டி, மறுபடி போடச் சொல்வேன்.

அளவு: துணியில் சலித்த சாக் பவுடர் மூன்று தேக்கரண்டி, ஃபெவிகால் ஒன்று, அரபிக் கோந்துக் கரைசல் ஒன்று, பிறகு தண்ணீர் சொட்டுச் சொட்டாக. வேகமாக அடித்துக் கலக்காதீர்கள். காற்று ஏறி, காய்ந்த பிறகு ஊசித் துளைகளாக நிற்கும். மெதுவாகக் குழைத்து, ஈரத் துணியால் மூடிக் கால் மணி நேரம் வைத்தால் குமிழ் அடங்கிவிடும். தூரிகையில் தொட்டுத் தூக்கினால் மக்கு நுனியில் முத்தாக நிற்க வேண்டும். நூலாக இழுத்தால் பசை அதிகம். உடனே சொட்டினால் தண்ணீர் அதிகம். அப்படிப்பட்ட மக்கில் வைத்த புள்ளி காயும்போது நடுவில் அமுங்கி வளையம்போல ஆகிவிடும். புள்ளியில் வால் நீண்டுவிட்டதென்றால் அப்போதே தொடாமல் ஐந்து நிமிடம் விட்டு, குண்டூசியால் வாலை மட்டும் நறுக்கி எடுங்கள். ஈரத்தில் தொட்டால் வாலோடு தலையும் வரும்.

வெடிப்புதான் எல்லாரையும் பயமுறுத்துவது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரே தடவையில் கனமாக வைப்பது. மேல்தோல் முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்ளே இருக்கும் ஈரம் பிறகு போகும்போது உள்பக்கம் சுருங்க, மேல்தோல் பிளந்துகொள்கிறது. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏற்றாதீர்கள். திருவாசியின் யாளி முகம் மூன்று மில்லிமீட்டர் எழும்ப வேண்டும் என்றால் மூன்று தடவை, நடுநடுவே காயவிட்டு. சித்திரை, வைகாசியில் தஞ்சாவூர் வெயிலுக்கு மின்விசிறிக்குக் கீழே மக்கு வைத்தால் வெடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். விசிறியை நிறுத்துங்கள், முடியாவிட்டால் படத்தின்மேல் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நேர்மாறு: மக்கு காயவே காயாது, மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நகத்தை அழுத்தினால் பதியும். அந்த நிலையில் ரேக்கை ஒட்டினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டு, பூஞ்சை பிடித்து, ரேக்கு கொப்பளிக்கும்.

வெடித்துவிட்டால் என்ன செய்வது? மயிரிழை வெடிப்புக்குள் கெட்டி மக்கை அழுத்தாதீர்கள், அது உள்ளே போகாமல் மேலே திட்டாக உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர்போல நீர்த்த கோந்துக் கரைசலைத் தூரிகையால் வெடிப்பின் வாயில் தொட்டால் தானாக உள்ளே இறங்கும். அது இறங்கிய பிறகு, நீர்த்த மக்கை விரல்நுனியால் குறுக்கே தேய்த்து நிரப்பி, காய்ந்ததும் 320 தாளால் ஒரு தேய். வெடிப்பில் பிளேடு நுனி நுழைகிறது என்றால் கதை வேறு. நகத்தால் தட்டுங்கள், சத்தம் பொள்ளலாக வந்தால் மக்கு அடியோடு விட்டுவிட்டது. அந்தத் துண்டை முழுசாகப் பெயர்த்தெடுத்துவிட்டு மறுபடி எடுங்கள். "ரேக்கு மூடிவிடும்" என்று இங்கே ஏமாறக் கூடாது. தங்கம் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற பொருள். வெள்ளை மக்கில் தேடினாலும் தெரியாத வெடிப்பு, தங்கத்தின் அடியில் கருங்கோடாகத் தெரியும்.

இதற்கு நடுவில் ஒரு சுகமான பகுதி இருக்கிறது. முத்துவரிசை போட்டுக்கொண்டு வருகிறீர்கள், ஒரு முத்து மட்டும் இரட்டிப்பாக விழுந்துவிட்டது, காய்ந்தும் விட்டது. செதுக்கலாம், ஆனால் செதுக்கிய முத்து உருண்டையாக வராது. அதை விட்டுவிடுங்கள். அதற்கு இரண்டு பக்கமும் அடுத்தடுத்த முத்துகளைச் சற்றுப் பெரிதிலிருந்து சிறிதாக இறக்கினால் அது மாலையின் பதக்கம் ஆகிவிடும். மாலையில் அது ஓரத்தில் விழுந்திருந்தால், மறு ஓரத்தில் அதே தூரத்தில் அதே அளவில் இன்னொன்று வையுங்கள். தூணில் கொடி ஒரு வளைவு கூடிப்போனாலும் இதே வைத்தியம்தான், எதிர்த் தூணிலும் ஒரு வளைவைக் கூட்டிவிட வேண்டும். தஞ்சாவூர்ப் படம் நடுவில் சுவாமி, இரு பக்கமும் தூண், மேலே வளைவு என்று இணை இணையாக அமைந்த படம். எதிர்ப்பக்கத்தில் இணை கிடைத்துவிட்டால் பார்ப்பவர் கண் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாது. திரும்பச் செய்ய முடியாத அளவுக்கு அசிங்கமான பிழை என்றால் மட்டும் இந்த வித்தையை எடுக்காதீர்கள், அசிங்கம் இரண்டாகிவிடும்.

கற்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கல்லின் விளிம்பைப் பிடிக்க மக்கு வேண்டும், கல்லின் முகத்தில் ஏறக் கூடாது. ஆழ்ந்து பதிந்த கல்லை ரேக்கு மூடிவிடும், மேலே நிற்கும் கல் கழன்றுவிடும். கல்லின் உயரத்தில் பாதி மக்குக்குள் இருந்தால் சரி. பின்பூச்சு உள்ள குந்தன் கற்களை நீர்த்த மக்கில் வைத்தால் ஈரம் பட்டு அந்தப் பூச்சு கறுக்கலாம், ஆகவே கெட்டி மக்கு. கறுத்த கல்லை எடுத்துவிட்டு வேறு வைப்பதைத் தவிர வழியில்லை.

ரேக்கு வேலைக்குக் கோந்தை முந்தைய நாள் இரவே ஊறவையுங்கள்: அரபிக் கோந்து ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு, காலையில் துணியில் வடிகட்டி, இரண்டு சொட்டுக் கிராம்புத் தைலம். புளித்த வாடை வந்துவிட்டால் கொட்டிவிடுங்கள், அதன் பிடிப்பு போயிருக்கும். மழைக்காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்வதே நல்லது. ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்துக்கு மட்டும் கோந்து தடவி, ஈரப் பளபளப்பு அடங்கும்வரை பொறுங்கள். விரலின் பின்பக்கத்தால் தொட்டால் ஒட்ட வேண்டும், நனையக் கூடாது. இந்தப் பதம் தப்பினால்தான் ரேக்கின் பாதித் தொல்லைகள். ஈரம் அதிகமானால் ரேக்கின் அடித்தாள் ஊறி, அழுத்தும்போது மேட்டின் உச்சியில் கிழியும். காய்ந்துவிட்டால் மேட்டில் மட்டும் ஒட்டி, பள்ளத்தில் பந்தல்போலத் தூக்கி நிற்கும், பிறகு விரல் பட்டால் பொத்துக்கொள்ளும்.

தேவையான அளவைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் பெரிதாக வெட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சால் அழுத்தி, முனை மழுங்கிய பல்குச்சியால் பள்ளங்களில் ஓட்டுங்கள். கிழிசலுக்கு ஒட்டுப் போடுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒட்டுத் துண்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழியுங்கள். வெட்டிய ஓரம் நேர்க்கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் மெலிந்து கலந்துவிடும். ஒட்டின் ஓரம் மேட்டின் உச்சியில் வராமல் பள்ளத்தில் வந்து முடிய வேண்டும். பள்ளத்தில் நிழல் இருக்கிறது, நிழலில் ஓரம் தெரியாது. உச்சியில் ஒரு மில்லிமீட்டர் கிழிசல்தான் என்றாலும், ஒட்டு இரண்டு பக்கப் பள்ளம்வரை இறங்க வேண்டும். அதே கட்டு ரேக்கின் வெட்டுத் துண்டுகளைப் படம் முடியும்வரை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். வேறு கட்டில் எடுத்தால் மஞ்சள் ஒரு படி மாறும், ஒட்டு ஊரைக் கூட்டும். சுருக்கம் விழுந்தால் ஈரத்தில் நீவாமல் காயவிடுங்கள். மெல்லிய சுருக்கம் பல்குச்சியின் முதுகால் தேய்த்தால் படிந்துவிடும். மடிந்தே போன சுருக்கத்தைப் பிளேடால் கீறி, ஒன்றின்மேல் ஒன்றாகப் படியவைக்கலாம். தங்கத்தின் முகத்தில் கோந்து பட்டுவிட்டால் ஈரப் பஞ்சால் ஒரே ஒரு முறை துடைத்துவிட்டு நிறுத்துங்கள். இன்னொரு முறை, இன்னொரு முறை என்று தேய்த்தால் கோந்து போவதற்குள் தங்கம் போய்விடும்.

22 காரட் ரேக்குக்குப் பதில் போலி ரேக்கு வாங்குவது வேறு வகைப் பிழை. அது பித்தளைச் சேர்மானம், நம்மூர் ஈரக் காற்றில் கறுத்தும் பச்சை பிடித்தும் போகும். பழகுவதற்கு வாங்குங்கள், தப்பில்லை. அதை வைத்து முடித்த படத்தைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

வண்ணத்துக்கு வந்தால் போஸ்டர் கலரா அக்ரிலிக்கா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. எது பளிச்சென்று இருக்கும் என்று பார்ப்பதைவிட, எது எந்தப் பிழையை மன்னிக்கும் என்று பார்த்தால் முடிவு சுலபம். போஸ்டர் கலர் காய்ந்த பிறகும் தண்ணீரில் கரையும். தங்கத்தின்மேல் சிந்தினால் மறுநாள்கூட ஈரப் பஞ்சால் எடுக்கலாம். அதே குணத்தால், அதன்மேல் ஈரக் கோடு போட்டால் அடி நிறம் எழும்பிக் கோட்டோடு கலந்துவிடும். அக்ரிலிக் காய்ந்தால் காய்ந்ததுதான், அதன்மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் தீட்டலாம். ஆனால் தங்கத்தில் சிந்தியதை அந்த நிமிடமே துடைக்காவிட்டால் ரேக்கோடு சேர்த்துத்தான் உரியும். பின்னணிக்கும் புடவைக்கும் அக்ரிலிக், முகத்துக்கும் தங்கத்தை ஒட்டிய நுண்ணிய இடங்களுக்கும் போஸ்டர் கலர் என்று பிரித்துக்கொண்டால் இரண்டின் நல்ல குணமும் கிடைக்கும். ரேக்கின் ஓரத்தில் வண்ணம் முத்து முத்தாக ஒதுங்கிப் பிடிக்காமல் போனால், அந்தக் கலவையில் மட்டும் கோந்து ஒரு சொட்டுச் சேருங்கள்.

முகத்துக்குக் கலந்த நிறத்தைச் சின்ன மூடி டப்பாவில் மிச்சம் வைத்திருங்கள். படம் முடிகிறவரை அது வேண்டும். அடர்ந்த போஸ்டர் கலர் காய்ந்தால் வெளிறும், அக்ரிலிக் காய்ந்தால் ஒரு படி கருக்கும். அதனால் ஈரத்தில் பார்த்துப் புதிதாகக் கலந்து ஒட்டுப்போட்ட முகம் காய்ந்ததும் தேமல் மாதிரி நிற்கும்.

கோடு கறுப்பில் வேண்டாம், அடர் காவிப் பழுப்பு. நடுங்கிய கோட்டைத் திருத்த எல்லாரும் செய்வது, அதன்மேல் இன்னொரு கோடு இழுப்பது. கோடு தடித்துக்கொண்டே போகும், விரல் கட்டைவிரலாகிவிடும். கோட்டைத் தொடாமல், அதன் வெளிப்பக்கத்தைப் பின்னணி நிறத்தால் உள்ளே தள்ளுங்கள். உள்பக்கத்தை உடல் நிறத்தால் வெளியே தள்ளுங்கள். நடுவில் மிஞ்சுவது மெல்லிய, நேரான கோடு. சற்றே நடுங்கிய கோடு புடவை மடிப்பிலோ கொடியிலோ இருந்தால் விட்டுவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மடிப்பு அத்தனையும் அச்சடித்த மாதிரி இருக்கும் படங்களில் எனக்கு ஈர்ப்பு இல்லை.

கண்ணுக்கு மட்டும் தனி எச்சரிக்கை. வலக்கைக்காரர்கள் தங்களுக்கு இடப்பக்கம் உள்ள கண்ணை முதலில் போட வேண்டும், அப்போதுதான் இரண்டாவது கண் போடும்போது முதல் கண்ணைக் கை மறைக்காது. இரண்டாவது கண் சற்றுப் பெரிதாகிவிட்டால், முதல் கண்ணைக் கொஞ்சம் பெரிதாக்கத் தோன்றும். பிறகு அது பெரிதாகத் தெரியும், இதைப் பெரிதாக்குவோம். இப்படி மாறி மாறி வளர்ந்து, பார்வை மிரட்சியாகிவிட்ட கிருஷ்ணர்கள் ஏராளம். நிறுத்திவிட்டு, டப்பாவில் இருக்கும் முகநிறத்தை மெல்லிசாகப் பூசி இரண்டு கண்ணையும் மூடுங்கள். மறுநாள் புதிதாகப் போடலாம். போட்டபின் முகம் பார்க்கும் கண்ணாடியில் படத்தைக் காட்டிப் பாருங்கள், கண் பழகிப்போய்ப் பார்க்க மறுத்த கோணல் அங்கே தெரியும். மூடிமூடிப் போட்டு வண்ணம் தடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் மேடாகத் தெரிந்தால், ஈரத் தூரிகையால் கரைத்து எடுத்துவிட்டு வெள்ளைப் பூச்சிலிருந்து தொடங்குங்கள். கண்ணுக்குப் போஸ்டர் கலர் என்று மேலே சொன்னதன் காரணம் இதுதான்.

இத்தனை மன்னிப்பும் பலகைப் படத்துக்குத்தான். இதே தஞ்சாவூரில் கண்ணாடிப் படம் என்று ஒன்று உண்டு. கண்ணாடியின் பின்பக்கத்தில் தீட்டி, முன்பக்கத்திலிருந்து பார்ப்பது. அங்கே வரிசை அப்படியே தலைகீழ்: முதலில் கண்ணும் கோடும், பிறகு நகையும் நிழலும், அதற்குப் பின் உடல் நிறம், கடைசியில் பின்னணியும் தங்கமும். முதலில் இழுத்த கோடுதான் பார்ப்பவருக்கு முன்னால் நிற்கும், பிறகு வருகிற எதுவும் அதை மூடாது. கோடு காய்ந்ததும் முன்பக்கம் திருப்பிப் பார்த்து, பிசகியதைப் பிளேடு முனையால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போக வேண்டும். ஒரு நிறம் ஏறிவிட்டால் அடியில் இருப்பதை எடுக்க மேலே உள்ளதையும் எடுக்க வேண்டிவரும். இங்கே டிரேசிங் தாளைப் புரட்டி வைத்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு வேடிக்கை. நேராக வைத்தால் சங்கும் சக்கரமும் இடம் மாறிவிடும். பலகைப் படத்தில் கை ஓடிப் பழகியவர்கள் கண்ணாடிக்குப் போகும்போது, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பழக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

சட்டம் போடும்போது கண்ணாடி படத்தின் கல்லையோ மக்கையோ தொடாமல், நடுவில் அரை அங்குலமாவது இடைவெளிக் கட்டை வைக்கச் சொல்லுங்கள். தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் அந்த இடத்தில் நீர் கோத்து, வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பின்னட்டையை அடிப்பதற்கு முன் பலகையின் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள்: எந்த வண்ணம், மக்கில் என்ன விகிதம், எங்கே வெடித்து எதை வைத்து அடைத்தோம், எந்த இடத்தில் ரேக்கு ஒட்டு, மாதம், வருடம். பேனா வேண்டாம், மை ஈரத்தில் பரவும். பிற்பாடு யாராவது இந்தப் படத்தைப் பிரித்துச் சரிசெய்ய உட்கார்ந்தால், போஸ்டர் கலர் என்று தெரியாமல் ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துவிடக் கூடாது.